கை தட்டவா சங்கம்? பேச விடுங்க!

தலைவர் பேசுகிறார். செயலாளர் அறிக்கை படிக்கிறார். பொருளாளர் கணக்கு வாசிக்கிறார். "எல்லாருக்கும் சம்மதந்தானுங்களே?" என்று மேடையிலிருந்து ஒரு குரல். கைதட்டல். டீ, வடை. கூட்டம் முடிந்தது!

தொழில் சங்கங்கள் பலவற்றில் இதுதான் நடக்கிறது. வந்த உறுப்பினர் வாய் திறக்கவே இல்லை.

அவிநாசி வட்டார விசைத்தறிக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கி, துணி நெய்து கொடுத்து, கூலி வாங்குகிறவர் அவர். ஆள் சம்பளம், கரண்ட் பில், உதிரிபாகம் எல்லாம் அந்தக் கூலிக்குள் அடங்க வேண்டும். அதைப் பேசி வாங்கித் தருவதுதான் சங்கத்தின் முதல் வேலை.

2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதம், மற்ற ரகங்களுக்கு 20 சதவீதம் உயர்வு என்று பேசி முடித்தார்கள். சொன்ன கூலி கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகள் நின்றன. 2025 மார்ச்சில் மறுபடியும் நிறுத்தம். ஏப்ரலில் 15, 10 சதவீதம் என்று முடிந்தது.

எத்தனை நாள் தறியை நிறுத்தலாம்? எந்தச் சதவீதத்துக்குக் கீழே இறங்கக் கூடாது? இதை யார் முடிவு செய்வது? நாலு தறிக்காரரும் நாற்பது தறிக்காரரும் ஒரே சங்கம்தான். ஆனால் தறி நின்றால் நாற்பது தறிக்காரர் ஒரு மாசம் தாக்குப் பிடிப்பார். நாலு தறிக்காரர் தவணை கட்ட எங்கே போவார்? அவரைக் கேட்காமல் எடுத்த முடிவு மூன்றாவது வாரமே ஆட்டம் காணும்!

"எல்லாரும் பேசினா சந்தைக்கடை ஆயிருமுங்க. விஷயம் எதிர்த்தரப்புக்குப் போயிரும்" என்பார்கள் நிர்வாகிகள். நியாயமான பயம்தான். அதற்கும் வழி இருக்கிறது.

தெக்கலூர், சேவூர், கருவலூர் என்று ஊருக்கு ஒரு குழு. இருபது பேருக்கு மேல் வேண்டாம். மாசம் ஒரு தடவை, ஒரே ஒரு விஷயம். இந்த ரகத்துக்கு மீட்டருக்கு என்ன செலவாகிறது என்று கணக்குப் போடட்டும். பேசியதை நோட்டில் எழுதி நிர்வாகக் குழுவுக்கு அனுப்பட்டும். ஏற்றார்களா, இல்லையா, ஏன் என்று அடுத்த மாசத்துக்குள் பதில் வர வேண்டும். பேரத்துக்கான கடைசி எண் மட்டும் நிர்வாகிகளிடம் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் கும்பிடு படம் போடுவதெல்லாம் விவாதம் ஆகாதுங்க!

1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம் வருஷம் ஒரு பொதுக்குழு கூட்ட வேண்டும். அது குறைந்தபட்சம்தான். மாசாமாசம் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அவிநாசித் தேரை வடம் பிடிக்க ஆயிரம் கை வேண்டும். பின்னால் நின்று கட்டை போடுகிறவர் குரல் கொடுத்தால் முன்னால் இழுப்பவர் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் தேர் எங்கே முட்டும் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும்?

அடுத்த கூலிப் பேச்சு வருவதற்குள் குழுக்களைக் கூட்டுங்கள். சங்கத்தார் கவனிப்பார்களா?