‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் புகார் கொடுக்காதீர்கள்



மழை பிடித்துக்கொண்டது; நம் நகர்க் குடியிருப்போர் நலச் சங்கத்துக்கு வரும் இணையப் புலம்பலும் கூடிவிட்டது. ஃபைபர் நம் தெருவுக்கு வரும்போது வரட்டும். அதுவரை இந்த டெலிபோன் செம்புக் கம்பிதான் கதி. ஆகவே ஒரு வேண்டுகோள்: இனி ஆளுக்கொரு பக்கம் ‘நெட் ஸ்லோ’ என்று புகார் பதிய வேண்டாம். பழுது வீட்டுக்குள்ளா, வெளியிலா என்று முதலில் பார்ப்போம். பிறகு மோடம் காட்டும் எண்களோடு, ஒரே டிபி பாக்ஸில் (தெருவில் வீட்டு லைன்கள் பிரியும் பெட்டி) இருக்கும் வீடுகள் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுப்போம். ‘ஸ்லோ’ என்ற புகாருக்கு மோடத்தை ஒருமுறை அணைத்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததாகக் கணக்கு. எண்ணுக்கு அப்படிப் பதில் சொல்லிவிட முடியாது.

பல வீடுகளில் மாடி அறைக்கு அந்தக் காலத்தில் இழுத்த பேரலல் ஒயர் இன்னும் கிடக்கிறது. போன் போய் வருடங்கள் ஆகியிருக்கும். ஒயர் மட்டும் முனை மூடாமல் தொங்கும். சிக்னல் அதற்குள்ளும் போய் முட்டித் திரும்பி வந்து குழப்பும். அதைக் கழற்றுங்கள். போனுக்கு முன்னால் ஃபில்டர் இருக்கிறதா என்று பாருங்கள். பேச்சு 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே போகிறது, இணையம் அதற்கு மேலே. இரண்டையும் பிரிப்பது அந்தச் சின்ன டப்பாதான். அப்புறம் போனை எடுத்து ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்திவிட்டுக் காது கொடுங்கள். அமைதியாக இருக்க வேண்டும். கரகரவென்றால் எங்கோ ஜாயின்டில் ஈரம் இறங்கியிருக்கலாம். மற்றதெல்லாம் கழற்றிய பிறகும் கரகரப்பு நிற்கவில்லையா? பழுது பெரும்பாலும் வெளியில்தான்.

இனி மோடத்தைக் கம்பி வீட்டுக்குள் நுழையும் ரோசெட்டிலேயே மாட்டி, கணினியை லேன் கேபிளில் இணையுங்கள். வைஃபையில் வேகம் பார்த்துவிட்டு லைனைத் திட்டுவது நியாயமில்லை. பெரும்பாலான மோடங்களில் 192.168.1.1 என்று அடித்தால் அதன் பக்கம் திறக்கும். அங்கே இரண்டு எண்கள் போதும். அட்டென்யுவேஷன் என்பது வழியில் சிக்னல் எவ்வளவு தேய்ந்தது என்ற கணக்கு. நாய்ஸ் மார்ஜின் என்பது இரைச்சலுக்கு மேல் எவ்வளவு இடைவெளி மிச்சம் என்பது. 6 டெசிபலுக்குக் கீழே போனால் லைன் அறுந்து அறுந்து வரும். இரண்டையும் வெயில் நாளில் ஒருமுறை, மழை நாளில் ஒருமுறை எனக் குறித்து வையுங்கள். ஒரே பாக்ஸில் பக்கத்து வீட்டுக்கும் உங்களுக்கும் அட்டென்யுவேஷன் வெகுவாக வித்தியாசப்பட்டால் இடையில் ஜாயின்ட் பழுதாக இருக்கலாம். போன் செத்துக் கிடக்க நெட் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தால், இரண்டு கம்பிகளில் ஒன்று போயிருக்கலாம். அதையும் எழுதுங்கள்.

தூரத்தோடு மட்டும் வாதாட முடியாது. ஏடிஎஸ்எல்2+ முறையின் உச்சம் 24 எம்பிபிஎஸ். அது எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு. 3 கிலோமீட்டர் தாண்டினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் தேறும். கோடி வீட்டுக்காரர்கள் பெரிய பிளானுக்கு மாறிப் பணத்தை விட வேண்டாம்.

தினமும் ஒரே நேரத்தில் நெட் படுத்தால் அந்த நேரத்தைக் குறியுங்கள். வேல்ஸ் நாட்டு அபர்ஹோசன் கிராமத்தில் பதினெட்டு மாதங்களாகக் காலை ஏழு மணிக்கு ஊர் முழுக்க இணையம் படுத்தது. கேபிள் மாற்றியும் சரியாகவில்லை. 2020இல் கருவியோடு அலைந்து பார்த்தபோது, ஒரு வீட்டில் அந்த நேரத்தில் போடும் பழைய டிவி கிளப்பிய மின் இரைச்சல்தான் காரணம் என்று தெரிந்தது. நம் தெருவிலும் அப்படி இரைச்சல் கிளப்பும் மட்டமான எல்இடி பல்பும் சார்ஜரும் இல்லாத வீடு உண்டா என்ன?

இந்தியாவில் 2023 முதல் 2 எம்பிபிஎஸ்ஸுக்குக் குறைந்தால் அது பிராட்பேண்ட் கணக்கிலேயே வராது. மனுவில் இதையும் சேர்ப்போம். புகார் பதிந்ததும் டாக்கெட் எண்ணை வாங்கத் தவறாதீர்கள். சரிசெய்யாவிட்டால் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமில்லாமல் போகலாம், அதற்கு அந்த எண் வேண்டும். டிபி பாக்ஸையோ பில்லர் பெட்டியையோ நீங்களே திறக்காதீர்கள். உங்கள் லைன் சரியாகி நாலு வீட்டு லைன் போகும். வடிகால் தோண்ட ஜேசிபி வருவது தெரிந்தால், கேபிள் அறுபடாமலிருக்க முந்தைய நாளே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

வீட்டு எண், டிபி எண், மேற்சொன்ன இரண்டு அளவுகள் எழுதிய தாளை ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் கொடுங்கள். மோடம் பக்கம் திறக்க வராதவர்கள் சொல்லி அனுப்பினால் நம் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து பார்த்துக் குறித்துத் தருவார்கள். காசு வேண்டாம், காப்பி கொடுத்தால் மறுக்க மாட்டார்கள்.