பொதி வந்திருக்கிறது, பணம் கட்டுங்கள்

உங்கள் பொதி எமது களஞ்சியத்தை வந்தடைந்துள்ளது, முகவரி முழுமையாக இல்லாததால் விநியோகிக்க முடியவில்லை, கீழுள்ள இணைப்பில் விபரங்களை உடனடியாகப் பதிவுசெய்யவும். ஏறக்குறைய இந்தப் பொருளில், பெரும்பாலும் ஆங்கிலத்தில், தபால் திணைக்களத்தின் பெயரில் ஒரு குறுஞ்செய்தி இலங்கை முழுவதும் சுற்றிக்கொண்டிருக்கிறது. தனது பெயரைப் பயன்படுத்தி மோசடி நடக்கிறது என்று தபால் திணைக்களமே 2024 இல் பொதுமக்களை எச்சரித்தது. ஆனாலும் செய்தி வருவது நிற்கவில்லை. கொழும்பில் இதைப் பெறுபவர்களில் பலர் பார்த்த மாத்திரத்தில் அழித்துவிடக்கூடும். வன்னியில் அப்படி அழிப்பது சுலபமல்ல. இங்கே வெளிநாட்டிலிருந்து பொதி வருவது அதிசயமான செய்தியல்ல. மாமி சுவிஸில், அண்ணன் பிரான்ஸில், கூடப்படித்தவள் கனடாவில். சொல்லாமல் கொள்ளாமல் சாமான் வந்து இறங்கிய வீடுகள் எத்தனையோ.

முல்லைத்தீவு மாவட்டத்தில் நான் சந்தித்த ஒரு குடும்பத் தலைவி இந்தச் செய்தியை நம்பியதற்கும் அதுதான் காரணம். அவருடைய கணவர் 2009 க்குப் பிறகு இல்லை. மகன் உயர்தரம் படிக்கிறான். மகன்தான் இணைப்பைத் திறந்தான். கேட்கப்பட்ட கட்டணம் 75 ரூபா. வங்கி அட்டையின் இலக்கம், காலாவதித் திகதி, பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் பதிந்தான். ஓ.ரீ.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் தாயின் தொலைபேசிக்கு வந்தது. பதிந்தான். இலக்கம் பிழை, புதிய இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்று திரையில் வந்தது. அதையும் பதிந்தான். 10 நிமிடத்துக்குள் இரண்டு தடவையாக 86,000 ரூபா போய்விட்டது. அது நுண்கடன் தவணைக்கும் பிள்ளையின் ரியூசன் காசுக்கும் என்று சேர்த்து வைத்த பணம். "அவங்கள் கேட்டது எழுபத்தைஞ்சு ரூபாதானே பிள்ளை, அதுக்குப் போய் ஆர் சந்தேகப்படுறது" என்றார்.

அவர் சொன்னதில்தான் மோசடியின் முழுச் சூட்சுமமும் இருக்கிறது. 75 ரூபா யாருக்கும் தேவையில்லை. சின்னத் தொகை என்பது அட்டையை வெளியே எடுக்கவைக்கும் தூண்டில். அட்டையின் இலக்கங்கள் கிடைத்த கையோடு மறுமுனையில் இருப்பவர் வேறொரு இடத்தில் பெரிய தொகைக்குக் கொள்வனவு செய்கிறார். அதை உறுதிப்படுத்தத்தான் வங்கி ஓ.ரீ.பி. அனுப்புகிறது. முதலாவது இலக்கம் பிழை என்று சொன்னது இரண்டாவது கொள்வனவுக்காக. பெரும்பாலான வங்கிகள் அனுப்பும் ஓ.ரீ.பி. செய்தியில் எவ்வளவு தொகைக்கு, எந்த வியாபாரிக்கு என்பதும் சேர்ந்தே வரும். தாயின் தொலைபேசியில் அந்தச் செய்தி இன்னும் அழிக்கப்படாமல் இருந்தது. 75 அல்ல, பல ஆயிரம் ரூபா என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது, ஆங்கிலத்தில். அவர்கள் அந்த வரியை வாசிக்கவில்லை. ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்தார்கள். என்னுடைய தொலைபேசியில் இருக்கும் ஓ.ரீ.பி. செய்திகளும் எல்லாமே ஆங்கிலம்தான். தமிழில் கணக்குத் திறக்கவும் தமிழில் கடன் கேட்கவும் முடிகிற வங்கியிடமிருந்து, பணம் போகப்போகிறது என்ற ஒற்றை எச்சரிக்கை மட்டும் ஏன் தமிழில் வருவதில்லை என்பது நாம் கேட்கவேண்டிய கேள்வி.

இப்படி ஏமாறுகிறவர்களைப் பற்றிப் பேசும்போது படிப்பறிவில்லை, பேராசை என்று இரண்டு சொற்களில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்களும் ஏமாறுகிறார்கள். எங்கள் பகுதியில் இந்த மோசடிகள் வேலைசெய்வதற்கு எங்களுக்கே உரிய வேறு காரணங்கள் உண்டு. அவற்றைப் போர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது.

முதலாவது, படிவம். மெனிக் பாம் முகாமில் தொடங்கி, மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம், காணி, காணாமலாக்கப்பட்டோர் பதிவு, இழப்பீடு, இப்போது அஸ்வெசும வரைக்கும் எங்கள் ஆட்கள் நிரப்பிய படிவங்களுக்குக் கணக்கில்லை. யார் வந்து கொப்பியை விரித்தாலும் பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப விபரம் சொல்லிப் பழகிவிட்டோம். சொல்லாமல் விட்டால் பட்டியலில் பெயர் வராது என்ற பயம். அந்தக் கொப்பிகள் பிறகு எங்கே போயின என்று யாரும் கேட்டதில்லை. அடையாள அட்டை இலக்கம் வெறும் இலக்கமல்ல. புதிய 12 இலக்க அட்டையில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்கள் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைக் கையில் வைத்திருப்பவர் உங்கள் வயதையும் நீங்கள் ஆணா பெண்ணா என்பதையும் தெரிந்துகொண்டே அழைக்கிறார். "அம்மா, 1967 இல் பிறந்தவர்தானே நீங்கள்" என்று தொடங்கினால் யாருக்குத்தான் அரச அலுவலகம் என்று தோன்றாது? தனிநபர் தரவுகளைப் பாதுகாப்பதற்கான சட்டம் 2022 இல் நிறைவேறியது. அதன் முக்கியமான பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்திருக்கவேண்டும், பிற்போடப்பட்டன.

இரண்டாவது, எதிர்பார்ப்பு. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "உங்கட பிள்ளையை இன்ன முகாமில் கண்டனான், வெளியே எடுக்கலாம், ஆனால் செலவாகும்" என்று காணாமலாக்கப்பட்டவர்களின் தாய்மாரிடம் பணம் பறித்தவர்கள் போருக்குப் பிறகான ஆண்டுகளில் இருந்தார்கள். நகை விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. அதில் இணையமும் இல்லை, ஓ.ரீ.பி.யும் இல்லை. முறை மட்டும் இதே முறைதான்: உங்களுக்கு எது வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்த ஒருவர், நீங்கள் சரிபார்க்க முடியாத இடத்திலிருந்து பேசுகிறார். இன்று அதே இடத்தில் இழப்பீட்டுப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது என்ற அழைப்பும், கொடுப்பனவுக்குப் பதியுங்கள் என்ற வட்ஸ்அப் இணைப்பும் வந்து நிற்கின்றன. இழப்பீடு வேண்டாம், பிள்ளை எங்கே என்று சொல்லுங்கள் எனக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியிலிருந்து போராடிவரும் தாய்மார் இருக்கும் மண்ணில், அந்த இழப்பீட்டின் பெயரைச் சொல்லியே ஒருவர் கைவைக்க முடிகிறது.

மூன்றாவது, அதிகாரக் குரல். சிங்களத்தில் அல்லது உடைந்த தமிழில், சி.ஐ.டி.யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் உள்ள சிம் ஒரு குற்றத்தில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னால், தெற்கில் இருப்பவர் எந்தக் கிளை, உங்கள் பெயர் என்ன என்று திருப்பிக் கேட்பார். எங்கள் வீடுகளில் அப்படிக் கேட்கும் பழக்கம் வளரவில்லை. வளராததற்குக் காரணத்தை இந்த வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பொலிஸாரோ சி.ஐ.டி.யோ தொலைபேசியில் பேசி, ஒரு தனிநபரின் கணக்கிலக்கத்துக்குப் பணம் போடச் சொல்லி எந்த விசாரணையையும் முடித்துவைப்பதில்லை. அப்படிக் கேட்கும் அழைப்பைத் துண்டிப்பது சட்டவிரோதமும் அல்ல.

பெயர் விபரமும் பயமும் எதிர்பார்ப்பும் எங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. மோசடிக்காரர் புதிதாகக் கொண்டுவருவது அவசரத்தை மட்டும். 12 மணித்தியாலம், இன்று பின்னேரத்துக்குள், அழைப்பைத் துண்டிக்க வேண்டாம். உண்மையான கொடுப்பனவு எதுவும் ஒரு பின்னேரத்தில் கைநழுவிப் போவதில்லை. பிரதேச செயலகத்தில் மாதக்கணக்கில் அலைந்த எங்களுக்கு இது தெரியாததா? அஸ்வெசும பணம் வங்கிக் கணக்குக்கு நேரே வருகிறது, அதை அனுப்ப யாருக்கும் உங்கள் ஓ.ரீ.பி. தேவையில்லை. பணம் வாங்குவதற்கு ஒருபோதும் ஓ.ரீ.பி. கேட்கப்படுவதில்லை, பணம் போவதற்குத்தான். சந்தேகம் என்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, வந்த இலக்கத்துக்கு அல்லாமல் வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிட்டிருக்கும் இலக்கத்துக்கு அழைக்கவேண்டும். கொடுப்பனவு என்றால் கிராம உத்தியோகத்தரை நேரில் கேட்கலாம்.

இணைப்புகளைப் பற்றி ஒரு விடயம். பூட்டுப் படம் இருந்தால் பாதுகாப்பான தளம் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது போலித் தளங்களுக்கும் அந்தப் பூட்டு இருக்கிறது. பார்க்கவேண்டியது முகவரியை. இலங்கையின் பெரும்பாலான அரச தளங்களின் முகவரி 'ஜீ-ஓ-வீ டொட் எல்-கே' என்று முடியும். முடியும் என்பதுதான் முக்கியம். முகவரியில் வரும் முதலாவது தனிச் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் உள்ள எழுத்துகளைப் பாருங்கள். முன்னால் எங்கோ தபால் திணைக்களத்தின் பெயர் இருந்து, கடைசியில் 'டொட் டொப்', 'டொட் எக்ஸ்-வை-இஸட்' என்று ஏதாவது வந்தால் அது வேறு யாரோ வாங்கிய முகவரி. மின்னஞ்சலிலும் இதே கதைதான். வங்கியின் பெயர் பெரிதாகத் தெரியும், அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தால் உள்ளே அனுப்பியவரின் முகவரி வேறாக இருக்கும்.

புலம்பெயர்ந்த உறவுகளையும் எங்களையும் சேர்த்துப் பிடிக்கும் இன்னொரு வலை வட்ஸ்அப். தெரிந்த ஒருவரின் கணக்கிலிருந்தே செய்தி வரும்: "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திருக்கும், அனுப்பி விடுங்கோ." அனுப்பினால் உங்கள் கணக்கு அவர் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரில் லண்டனில் இருக்கும் தம்பிக்கும் ரொறொன்ரோவில் இருக்கும் மச்சாளுக்கும், "அம்மாவை ஆஸ்பத்திரியில் விட்டிருக்கு, அவசரமாகக் காசு வேணும், கதைக்க ஏலாது" என்று போகும். அம்மாவுக்கு என்றால் எங்கள் ஆட்கள் யோசிக்கமாட்டார்கள், உடனே போடுவார்கள். வட்ஸ்அப் செட்டிங்கில் இருபடிச் சரிபார்ப்பு என்று ஒன்று இருக்கிறது, அதில் ஒரு பின் இலக்கத்தைப் போட்டுவிட்டால் ஆறு இலக்கம் கைமாறினாலும் உடனே உள்நுழைய முடியாது. இரண்டு நிமிட வேலை. அதைவிட நல்லது, காசு கேட்டு எழுத்தில் செய்தி வந்தால் சாதாரண அழைப்பெடுத்துக் குரலைக் கேட்பது. ஊர்ப்பேச்சில் நாலு வார்த்தை கதைத்தாலே ஆள் யார் என்று தெரிந்துவிடும்.

இளையவர்களின் நிலை இதைவிடச் சிக்கலானது. ரெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று தொடங்கி, முதலில் சில நூறு ரூபா உண்மையாகவே தந்து, பிறகு வைப்புப் போடச் சொல்லி விழுங்கும் கூட்டத்தைப் பலருக்கும் தெரியும். ஒன்மக்ஸ்டிரி போன்ற பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சி பிரிவின்படி தடைசெய்யப்பட்டவை என்று மத்திய வங்கி பெயர் சொல்லி அறிவித்தது. நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் பாவிக்கத் தா, வரும் பணத்தை எடுத்துக் கொடு, நூற்றுக்கு இவ்வளவு தருகிறேன் என்று வேலையில்லாத பெடியளிடம் கேட்கிறார்கள். வந்து விழுவது இன்னொரு தாயின் 86,000 ரூபா. விசாரணை தொடங்கினால் முதலில் அகப்படுவது கணக்கின் சொந்தக்காரன், 2006 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கப் பணச் சலவை தடுப்புச் சட்டம் அவன் மீதே பாயும். தமிழ்ப் பெடியன் ஒருவனின் கணக்கில் விளக்கமில்லாத பணம் வந்தால் விசாரணை மோசடியோடு மட்டும் நின்றுவிடும் என்று நினைக்க எங்கள் அனுபவம் இடம்தருவதில்லை. மேலே இருப்பவர்கள் யார் என்பதற்கும் ஓரளவு விடை இருக்கிறது. 2024 ஜூனில் நீர்கொழும்பு உள்ளிட்ட இடங்களில் இந்தியப் பிரஜைகளும், அதே ஆண்டு ஒக்டோபரில் கண்டி குண்டசாலையில் 100 க்கும் மேற்பட்ட சீனப் பிரஜைகளும் இணைய மோசடி தொடர்பில் கைதானார்கள். மறுபக்கம், தொழில் என்று அழைத்துச் செல்லப்பட்ட இலங்கையர்கள் மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைக்கப்பட்டு, இதே மோசடி வேலையைச் செய்ய வற்புறுத்தப்பட்டார்கள்.

பணத்தை இழந்தவர்கள் பலர் வெளியே சொல்வதில்லை. வெட்கம் ஒரு காரணம். வெளிநாட்டுக் காசு எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார்கள் என்று தங்களையே விசாரிப்பார்களோ என்ற அச்சம் அதைவிடப் பெரிய காரணம். புலம்பெயர் அமைப்புகளையும் நூற்றுக்கணக்கான தனிநபர்களையும் 2021 இல் தடைப்பட்டியலில் சேர்த்த ஒரு நாட்டில் அந்த அச்சத்தைக் கற்பனை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மௌனத்தால் இலாபம் பெறுபவர் மோசடிக்காரர் மட்டுமே. வங்கிகளுக்கிடையில் பணம் சில விநாடிகளில் போய்ச் சேர்கிற காலம் இது, ஆகவே முதலாவது மணித்தியாலம் மிகப் பெறுமதியானது. முதலில் வங்கியின் அவசர இலக்கத்துக்கு அழைத்து அட்டையையும் இணைய வங்கிச் சேவையையும் முடக்கச் சொல்லுங்கள். அழைத்த நேரத்தையும் பேசியவரின் பெயரையும் குறித்து வையுங்கள். வந்த குறுஞ்செய்தியை ஆத்திரத்தில் அழித்துவிட வேண்டாம், அதுதான் சான்று. இலங்கை கணினி அவசர தயார்நிலை அணியை 101 இல் அழைக்கலாம். வங்கி சரியாகப் பதிலளிக்காவிட்டால் மத்திய வங்கியின் நிதி வாடிக்கையாளர் பிரிவு 1935 இல் இருக்கிறது.

பொலிஸில் முறைப்பாடு செய்யும்போது அது சிங்களத்தில் எழுதப்பட்டால், விளங்காத தாளில் கையொப்பமிட வேண்டியதில்லை. அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. முடிந்தால் நடந்ததைத் தமிழில் ஒரு தாளில் எழுதி, திகதி, நேரம், தொகை, வந்த இலக்கம் எல்லாவற்றையும் சேர்த்துக் கையோடு கொண்டுபோங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓ.ரீ.பி. கொடுத்தது நீங்கள்தானே, பொறுப்பும் உங்களுடையதுதான் என்று வங்கி எழுதும் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அந்த இலக்கம் தேவைப்படும்.