பல்லுக்கு ஒரு நாள் பேர்

எங்கள் லயத்தில் பல் வலிக்கு மருந்து நாலு. கராம்பு, கல்லுப்பு, பெனடோல், பொறுமை. அம்மா போன வருஷம் இந்த நாலையும் மூன்று வாரம் மாறி மாறிப் பாவித்தார். பெனடோலை விழுங்காமல் பொடியாக்கி ஓட்டைப் பல்லுக்குள் அடைத்தும் பார்த்தார். (தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம், முரசு வெந்துபோகும்.) கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடின பிறகுதான் "சரி, டவுனுக்குப் போவோம்" என்றார்.

டவுனுக்குப் போவது எப்படி என்று சொல்கிறேன். தோட்டத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க நாற்பது நிமிஷ நடை. பஸ் வந்தால் ஒரு மணித்தியாலம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது எட்டரை. பல் கிளினிக்கில் அன்றைய நம்பர் முடிந்துவிட்டது. இரண்டாவது முறை இருட்டிலேயே இறங்கினோம், நம்பர் கிடைத்தது. ஆனால் வீக்கம் இருப்பதால் மருந்து குடித்துவிட்டு அடுத்த கிழமை வரச் சொன்னார்கள். அது வைத்தியரீதியாகச் சரிதான், குறை சொல்ல முடியாது. மூன்றாவது முறைதான் பல்லைப் பிடுங்கினார்கள்.

பல் பிடுங்கியது இலவசம். இந்த நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள், அதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. ஆனால் அம்மாவின் கணக்குப் புத்தகத்தில் அந்த மூன்று நாளும் பேர் இல்லை. மலையகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்காக: "பேர்" என்றால் ஒரு நாள் வேலை. காலையில் பிரட்டுக்குப் போய், மலைக்கு ஏறி, சொன்ன கிலோவை எடுத்தால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர். போகாவிட்டால் ஒன்றுமில்லை. நாட்சம்பளம் 1000 ரூபாயாக 2021 வரை இழுபட்டது, 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. அந்த விலையில் மூன்று பேரும், இரண்டு பேருடைய பஸ் காசும் சேர்த்தால், அம்மாவின் இலவசப் பல் எவ்வளவு என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். டவுனில் பின்னேரம் திறக்கும் பிரைவேட் இடத்தில் பிடுங்கியிருந்தால் அதைவிட மலிவாக முடிந்திருக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்களுக்குக் கிட்டே உள்ள ஒரு பிரதேச வைத்தியசாலையில் (பேர் வேண்டாம்) பல் சிகிச்சைக்கென்று ஒரு அறை கட்டி, கதிரையும் வந்து இறங்கிவிட்டது. நான் யன்னலால் எட்டிப் பார்த்தேன். கதிரை இன்னும் பொலித்தீன் உறையோடு இருக்கிறது. திறக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று எங்கள் பக்கத்துப் பொடியன்கள் பிள்ளைகள் சேர்ந்து கையெழுத்து வாங்கத் தொடங்கியிருக்கிறோம். வாங்கப் போன இடத்தில்தான், வெறுமனே "திறவுங்கள்" என்று எழுதுவது போதுமா என்ற சந்தேகம் எனக்கு வந்தது.

2024 பெப்ரவரியில் ஒரு வீடியோ எல்லாருடைய ஃபோனிலும் சுற்றியது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் சென்ட் போல்ஸ் என்ற பகுதி. அங்கே இருந்த பல் மருத்துவ நிலையத்தை அதை நடத்திய கம்பனி 2023 ஜூனில் மூடியது. அந்தப் பகுதி மக்கள் சும்மா இருக்கவில்லை, தொடர்ந்து குரல் கொடுத்து, வேறு ஆட்கள் பொறுப்பெடுத்து அரசாங்கச் சுகாதாரச் சேவையின் கீழ் அதைத் திரும்பத் திறக்க வைத்தார்கள். திறந்த அன்றைக்கு நூற்றுக்கணக்கானவர்கள் பெயர் பதிய ரோட்டில் வரிசையில் நின்றார்கள். பொலிஸும் வந்தது. எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒருத்தன் "வெள்ளக்காரன் நாட்டுலயும் பல்லுக்குக் கியூவா" என்று சிரிப்பு முகம் போட்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை, கொஞ்சம் பொறாமைதான் வந்தது. அந்த வரிசையைப் படம் பிடிக்க முடிந்தது. எத்தனை பேருக்குத் தேவை இருக்கிறது என்று ஒரே நாளில் நாடு முழுக்கத் தெரிந்தது. எங்களுடைய வரிசையை யாரும் படம் பிடிக்க முடியாது. அது லயத்துக்குள், கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு, கராம்பைக் கடித்துக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு இருக்கிறது. நாளைக்கு ஒரு அதிகாரி வந்து "உங்க பக்கத்துலருந்து பல் கிளினிக்குக்கு அவ்வளவு பேர் வாறதில்லையே" என்று சொன்னால், ரெஜிஸ்டரின்படி அவர் சொல்வது உண்மை.

அங்கே உள்ள முறையும் இங்கே உள்ள முறையும் வேறு. அங்கே அரசாங்கம் பெரும்பாலும் தனியார் பல் வைத்தியர்களோடு ஒப்பந்தம் போட்டுச் சேவையை வாங்குகிறது. ஒப்பந்தம் கட்டுப்படியாகவில்லை என்றால் அவர்கள் போய்விடுகிறார்கள். இங்கே பல் வைத்தியர் சம்பளம் வாங்கும் அரசாங்க உத்தியோகத்தர். அறையைக் கட்டுவது ஒருவர், கதிரையை அனுப்புவது இன்னொருவர், ஆளை நியமிப்பது வேறொருவர். பதின்மூன்றாம் திருத்தத்துக்குப் பிறகு பிரதேச வைத்தியசாலைகள் மாகாணத்தின் கையில். ஆனால் பல் வைத்தியர்களை இடமாற்றத்தில் அனுப்புவது கொழும்பில் உள்ள சுகாதார அமைச்சு. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் பொலித்தீன் போட்ட கதிரைகள் மாட்டிக்கொள்கின்றன. மோட்டார், தண்ணீர், கரண்ட், விறைப்பூசி மருந்து, கருவிகளை அவித்தெடுக்கும் மெஷின், கூட நிற்க ஒரு உதவியாளர், வைத்தியர் தங்க ஒழுகாத ஒரு குவாட்டர்ஸ். இதில் ஒன்று இல்லாவிட்டாலும் பூட்டுத்தான். மாத்தறையிலிருந்தோ பருத்தித்துறையிலிருந்தோ வரும் ஒரு இளம் வைத்தியர் எங்கள் குளிரில் கூரை ஒழுகும் அறையில் எத்தனை மாதம் இருப்பார்? அடுத்த இடமாற்றப் பட்டியலில் முதல் பேர் அவருடையதாகத்தான் இருக்கும். நானும் அதைத்தான் செய்வேன்.

சரி, திறந்தே விட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கிழமை நாளில் காலை எட்டிலிருந்து. அந்த நேரம் எங்கள் பெண்கள் கூடையோடு மலையில். வருவது யார்? கடைக்காரர், வாத்தியார், பென்ஷன் எடுத்தவர்கள். அவர்களும் வரத்தான் வேண்டும், அவர்களுக்கும் பல் இருக்கிறது. ஆனால் "தோட்ட மக்களின் நலன் கருதி" என்று கல்வெட்டில் எழுதப்போகும் அந்த இடத்துக்குத் தோட்ட மக்கள் வர வேண்டுமென்றால் ஒரு பேரைக் கொடுத்துவிட்டுத்தான் வர வேண்டும். நடை நாற்பது நிமிஷத்திலிருந்து பதினைந்து நிமிஷமாகலாம், பேர் போனது போனதுதான்.

அம்மாயி விஷயத்தையும் சொல்ல வேண்டும்.

அம்மாயி பதினாலு வயதிலிருந்து வெற்றிலை போட்டவர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. மழையில் அட்டை ஏறும் மலையில் நிற்கிறபோது அதுதான் சூடு, பத்து மணிப் பசிக்கும் அதுதான். "வெத்தில போடாதீங்க" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் ஒரு நாள் அந்த மலையில் நின்று பார்க்க வேண்டும் என்று நான் முன்பு கோபமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு சத்தமாகச் சொல்வதில்லை. பாக்கைப் புகையிலை சேர்க்காமல் மென்றாலும் புற்றுநோய் வரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004 இலேயே சொல்லிவிட்டது. இலங்கை ஆண்களுக்கு வரும் புற்றுநோய்களில் பல வருஷமாக முன்னுக்கு நிற்பது வாய்ப் புற்றுநோய். பெண்களுக்கு அது அவ்வளவு முன்னுக்கு இல்லை, ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் மலைகளில் வெற்றிலை போடும் பெண்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தனியாகத் தெரியாது.

அம்மாயியின் கன்னத்துக்குள் ஒரு வெள்ளைத் திட்டு இருந்ததை முதலில் கண்டது பிரஷர் கிளினிக்கில் ஒரு டொக்டர். நல்ல மனுஷன். வாயைத் திறக்கச் சொல்லி, டோர்ச் அடித்துப் பார்த்து, பெரிய ஆஸ்பத்திரியில் வாய், முக சத்திரசிகிச்சைப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கொடுத்தார். அந்தத் துண்டை அம்மாயி நாலாக மடித்து வெற்றிலைப் பைக்குள் வைத்தார். கொழுந்து சீசன் முடியட்டும் என்றார். பிறகு திருவிழா முடியட்டும் என்றார். பிறகு வலியில்லையே என்றார். அதுதான் இந்த நோயின் கள்ளத்தனம், ஆரம்பத்தில் வலிக்காது. ஐந்து மாதத்துக்குப் பிறகு திட்டு புண்ணாகி, கழுத்தில் கட்டி தட்டுப்பட்டபோது போனோம். ஒப்பரேஷன், கண்டியில் கதிர்ச் சிகிச்சை. ஒன்றரை வருஷம் கஞ்சியோடு இருந்தார். அந்தப் பை இன்னும் வீட்டில் இருக்கிறது, துண்டில் சுண்ணாம்புக் கறை.

அம்மாயி பிடிவாதக்காரி என்றுதான் நான் கனகாலம் நினைத்திருந்தேன். பிறகு ஒரு பழைய ஆய்வைப் பற்றிப் படித்தேன். 1984 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வந்தது, செய்தது நம்ம நாட்டில்தான். சாதாரண ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து கிராமங்களில் 28,000 பேருக்கு மேல் வாயைப் பார்க்க வைத்தார்கள். ஊழியர்கள் நன்றாகவே கண்டுபிடித்தார்கள். சந்தேகப்பட்டு மேலே அனுப்பப்பட்டவர்கள் ஆயிரத்துக்கு மேல். அதில் போய்க் காட்டியவர்கள் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மற்றவர்களுடைய துண்டுகளும் எங்கேயோ மடிந்து கிடந்திருக்கும். நாற்பது வருஷத்துக்கு முன்பே நமக்குத் தெரிந்த விஷயம் இது: வாயைப் பார்க்க ஆள் இருக்கிறது, பார்த்த பிறகு போகிற வழிதான் அறுகிறது.

அதனால்தான் அந்தப் பூட்டின அறையைப் பல் பிடுங்கும் இடமாக மட்டும் நான் பார்க்கவில்லை. கிட்டே ஒரு பல் வைத்தியர் இருந்தால் அந்தத் துண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் ஒரு படி குறையும். அவர் மாதத்தில் ஒரு நாள் பிள்ளைக்காம்பராவுக்கோ பிரட்டுக்களத்துக்கோ டோர்ச்சோடு வந்தால் இன்னொரு படியும் குறையும். நடமாடும் பல் சிகிச்சை இந்த நாட்டுக்குப் புதிசு இல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கென்று பல் சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள், மூன்று வயதிலிருந்து பதின்மூன்று வரை பார்ப்பார்கள். கர்ப்பிணித் தாய்மாரையும் பல் காட்டச் சொல்லி அனுப்புகிறார்கள். நடுவில் விடுபடுவது யார் என்றால் பதினெட்டு வயதில் மலைக்கு ஏறும் பிள்ளையும், கொழும்பில் கடைக்கு வேலைக்குப் போய் பைக்கெட் பாக்கு மெல்லப் பழகி வரும் நம்ம பொடியன்களும்தான். இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது உறைப்புச் சாப்பிட்டால் வாய் எரிகிறதா, வாய்க்குள் மூன்று விரலை நேராக வைக்க முடியவில்லையா, இரண்டு கிழமையாக ஆறாத புண் இருக்கிறதா? நாளைக்கே போய்க் காட்டுங்கள். கட்டுரையை மிச்சம் பிறகு வாசிக்கலாம்.

எங்கள் கடிதத்தில் நான் சேர்க்கச் சொல்வது இதுதான். ஆளை நியமிக்கும்போது உதவியாளரையும் குவாட்டர்ஸையும் சேர்த்துக் கேட்க வேண்டும். தமிழில் பேசக்கூடிய ஒருவர் அங்கே இருக்க வேண்டும், அம்மாவால் தன் வலியைச் சிங்களத்தில் சொல்ல முடியாது. எல்லாத்தையும்விட, கிழமையில் ஒரு நாளாவது தொழிலாளி வரக்கூடிய நேரத்தில் திறக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்தால் வைத்தியருக்கு மேலதிகக் கொடுப்பனவு கொடுக்க வேண்டும், வேறொரு நாள் லீவும் கொடுக்க வேண்டும். அவரும் ஒரு தொழிலாளிதான். அதற்குக் காசு இல்லை என்று சொல்வார்கள். கட்டடத்துக்கும் கதிரைக்கும் காசு கொடுத்துப் பூட்டி வைக்க முடிந்தவர்களிடம் அதைக் கேட்பதில் எனக்கு வெட்கம் இல்லை. அது நடக்கும் வரைக்கும் கிளினிக் துண்டைக் காட்டினால் அரைப்பேராவது போடச் சொல்லித் தோட்ட நிர்வாகத்தோடு பேசலாம், சங்கங்கள் அதைக் கையில் எடுக்கலாம். சம்பளப் பேச்சுவார்த்தைகளில் பல்லைப் பற்றி யாரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

எங்கள் குழுவில் எல்லாரும் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல கதவைத் தெறக்கட்டும், நேரத்தப் பத்திப் பொறகு பேசுவம், ஒரேயடியா கேட்டா ஒண்ணுமே தர மாட்டாங்க" என்று ஒரு அண்ணன் சொல்கிறார். அவர் இப்படியான அலுவலகங்களுக்கு ஏறி இறங்கி அனுபவப்பட்டவர், அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் காலை எட்டு மணி என்று ஒரு தடவை போர்டு எழுதித் தொங்கவிட்டால் அதை மாற்ற இன்னொரு தலைமுறை கையெழுத்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

போன சனிக்கிழமை இரவு கடிதத்தை எழுதி முடித்தோம். நேரம் என்ற இடத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தோம். அம்மாவிடம் கேட்டேன், எப்போது திறந்தால் போவீர்கள் என்று. அவர் அரிசி புடைத்துக்கொண்டே சொன்னார்:

"ஞாயித்துக்கெழம. உடுப்பு தொவைச்சுக் காயப் போட்டுட்டு, ஒரு பத்து மணிக்கு மேல."

அதை அப்படியே எழுதிவிட்டேன்.