ஊசி கோழிக்கடைக்கு வரட்டும்

எர்ணாகுளம் மாவட்ட மருத்துவ அலுவலர் அவர்களுக்கு,

2014, 2021, 2024 என்று குட்டநாட்டில் பறவைக் காய்ச்சல் வந்தபோதெல்லாம் வாத்துகளையும் கோழிகளையும் கொன்று அழித்தார்கள். ஆலுவாக்காரர்களுக்கு அது பக்கத்து மாவட்டத்துச் செய்தி. ஆனால் பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி வாளையார் தாண்டி, அங்கமாலி வழியாக நம் கடைகளுக்குத்தான் வருகிறது. கூண்டை இறக்குபவர்கள், அறுப்பவர்கள், தோல் உரிப்பவர்கள் பலர் வங்காளத்திலும் அசாமிலும் இருந்து வந்தவர்கள், தமிழர்களும் உண்டு.

இவர்களுக்குப் பருவக் காய்ச்சல் (இன்ஃப்ளுயென்சா) தடுப்பூசியை இலவசமாகப் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அந்த ஊசி பறவைக் காய்ச்சல் கிருமியான எச்5என்1-ஐத் தடுக்குமா என்றால், தடுக்காது. இதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். ஊசியில் இருக்கும் பருவக் காய்ச்சல் கிருமியான எச்1என்1-இன் மேற்புரதம் ஒன்று பறவைக் கிருமியின் என்1 புரதத்துக்கு உறவு. அதனால் உடலில் கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி உண்டாகலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். அந்தக் கொஞ்சத்தை நம்பி யாரும் கையுறையைக் கழற்றக் கூடாது.

பிறகு எதற்கு ஊசி? பருவக் காய்ச்சலோடு கடைக்கு வருபவருக்குக் கோழியிடமிருந்தும் கிருமி தொற்றினால், இரண்டும் ஒரே உடலில் சந்திக்கும். இன்ஃப்ளுயென்சாவின் மரபணுத் தொகுப்பு எட்டுத் துண்டுகளாக இருப்பதால், இரண்டின் துண்டுகளும் சீட்டுக்கட்டைப் போலக் கலைந்து புதிய கிருமி பிறக்கலாம். 1957, 1968 பெருந்தொற்றுகளின் கிருமிகள் இப்படிக் கலந்து பிறந்தவைதான். ஊசி போட்டால் அந்தச் சந்திப்புக்கான வாய்ப்பு குறையும். பின்லாந்து 2024-இல் ஒரு படி மேலே போய், கோழிப் பண்ணைத் தொழிலாளர்களுக்கு எச்5 தடுப்பூசியையே போட்டது. நான் கேட்பது அவ்வளவுகூட இல்லை.

தனியாரிடம் ஊசியின் விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டும். நாள் கூலிக்காரர் அதற்குச் செலவழிப்பார் என்று எதிர்பார்ப்பது வீண். மாவட்ட மருத்துவமனைக்கு வரச் சொன்னாலும் வர மாட்டார், அன்றைய கூலி போய்விடும். விடியற்காலையில் லாரி வந்து நிற்கும் இடத்துக்கே செவிலியர்களை அனுப்புங்கள். அறிவிப்பு மலையாளத்தில் மட்டும் இல்லாமல் வங்காளத்திலும் இந்தியிலும் தமிழிலும் இருக்கட்டும். நோய்ப் பறவைகளை அழிக்கப் போகும் கால்நடைத் துறைப் பணியாளர்களையும் பட்டியலில் சேருங்கள்.

கேரளத்தில் காய்ச்சல் மழையோடு ஏறும். ஊசி வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். மே பாதிக்குள் முகாமை முடித்துவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஆலுவாவில் வாழும் ஒரு தமிழ் எழுத்தாளர்