வாபஸ் வாங்கச் சொல்கிறவர்கள்

“கேஸ் கொடுத்தது நான்தானே? நானே வாபஸ் வாங்கிக்கிறேன்.” குற்றவியல் நீதிமன்ற வராண்டாவில் அரை நாள் நின்றால் இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும். பல ஆண்டுகள் நீதிமன்றச் செய்தி எழுதியவள் என்பதால் உறவுக்காரர்களும் தெரிந்தவர்களும் என்னிடமும் இதைக் கேட்பதுண்டு. வக்கீல் குமாஸ்தாக்கள் ஒரே வரியில் பதில் சொல்லிவிடுவார்கள்: “அது உங்க கையில இல்லம்மா.”

உண்மைதான். எஃப்ஐஆர் போட்டதும் வழக்கு அரசின் வழக்காகிவிடுகிறது. வழக்குக் கட்டின் முகப்பில் அடிபட்டவரின் பெயர் இருக்காது. காவல் ஆய்வாளர் மூலமாக அரசு என்றுதான் இருக்கும். அடிபட்டவர் அங்கே அ.சா.1, அரசுத் தரப்பின் முதல் சாட்சி. சாட்சிக்கு வழக்கை முடித்துக்கொள்ளும் அதிகாரம் கிடையாது.

ஆனால், சின்ன வழக்குகளில் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 320-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 359. அதில் இரண்டு பட்டியல்கள். சாதாரணக் காயம், அத்துமீறி நுழைதல், திருட்டு போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர் தானே சமாதானமாகப் போகலாம். கொடுங்காயம், மோசடி போன்றவற்றுக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். அப்படி ராஜியானால் எதிராளி விடுதலையானதாகவே கணக்கு.

இந்தக் கதவிலும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. தமிழ்நாட்டில் வரப்புத் தகராறு, குழாயடிச் சண்டை எதுவானாலும் எஃப்ஐஆரில் மனப்பாடமாக விழும் இந்திய தண்டனைச் சட்டப் பிரிவுகள் சில இருந்தன: 294(பி), 323, 324, 506(2). கெட்ட வார்த்தை பேசியது, கையால் அடித்தது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, மிரட்டியது. புதிய தண்டனைச் சட்டத்தில் எண்கள் மாறினவே தவிர வழக்கம் மாறவில்லை. இதில் கையால் அடித்ததற்குச் சமாதானமாகப் போகலாம். கெட்ட வார்த்தை பேசியதற்குப் போக முடியாது. அந்தப் பிரிவு பட்டியலிலேயே இல்லை. 324 முன்பு இருந்தது, 2005-ம் ஆண்டுத் திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். ஆகவே, பொங்கலுக்குள் ஒன்று சேர்ந்துவிட்ட அண்ணன் தம்பிகள்கூட வழக்கை முடிக்கச் சென்னைக்கோ மதுரைக் கிளைக்கோ போய், உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரும் ‘குவாஷ்’ மனுப் போட வேண்டியிருக்கிறது. கூலி வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு வக்கீல் ஃபீஸும் பஸ் செலவும் என்ன ஆகும்? இந்த இரண்டு பிரிவுகளையும் பட்டியலில் சேர்த்து, உள்ளூர் மாஜிஸ்திரேட்டே முடித்துவைக்க வழி செய்வதுதான் நியாயம்.

குவாஷ் செய்யும் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் கியான் சிங் வழக்கில் 2012-ல் விளக்கியது. தனிப்பட்ட தகராறு, குடும்பச் சண்டை, பணக் கொடுக்கல் வாங்கல் என்றால் பட்டியலில் இல்லாத குற்றமானாலும் சமரசத்தை ஏற்று வழக்கை ரத்து செய்யலாம். கொலை, பாலியல் வன்கொடுமை, கொள்ளை போன்றவற்றில் கூடாது. வரதட்சணைக் கொடுமை வழக்குகளில் தம்பதி பேசி முடித்துக்கொண்டால் ரத்து செய்யலாம் என்று பி.எஸ்.ஜோஷி வழக்கில் 2003-லேயே சொல்லியாயிற்று.

அந்த மனுக்கள் விசாரணைக்கு வரும் விதத்தைச் சொல்ல வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட்ட கூட்டுச் சமரச மனு இருக்கும். புகார் கொடுத்தவர் ஆதார் அட்டையோடு நேரில் நிற்பார். சம்பந்தப்பட்ட ஸ்டேஷனின் எஸ்.ஐ. ‘இவர்தான் அவர்’ என்று அடையாளம் காட்டுவார். நீதிபதி கேட்பார்: “சம்மதிச்சுத்தான் வந்திருக்கீங்களா? யாராவது மிரட்டினாங்களா?” “இல்லைங்கய்யா.” ஒரு முறை, இந்தப் பதிலைச் சொல்வதற்கு முன்னால் ஒரு பெண் பின்னால் திரும்பிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெள்ளை வேட்டிக்காரரைப் பார்த்தார். நீதிபதி அதைக் கவனித்துவிட்டார். சேம்பருக்கு அழைத்துத் தனியாகப் பேசினார். அன்று அந்த மனு அனுமதிக்கப்படவில்லை. எல்லா நாளும் எல்லா நீதிபதிகளுக்கும் இவ்வளவு நேரம் கிடைக்காது.

வழக்கைக் கைவிடும் உரிமை பாதிக்கப்பட்டவரிடமே இருக்கட்டும் என்று வாதிடுகிறவர்களுக்கு அந்த வெள்ளை வேட்டிதான் என் பதில். கொடுங்குற்றங்களில் அந்த உரிமை அவரிடம் இருந்தால், ஊரே அவர் வாசலில் வந்து நிற்கும். முதலில் சொந்தக்காரர் வருவார், பிறகு ஊர்ப் பெரியவர், பிறகு கட்சிக்காரர். “பொண்ணு வாழ வேண்டிய வயசு, கோர்ட்டு கோர்ட்டா அலைய முடியுமா?” என்று பரிவாகத்தான் ஆரம்பிக்கும். மசியவில்லை என்றால் கவுன்டர் கேஸ். சாதி வன்கொடுமைப் புகார்களில் இந்த எதிர்வழக்கு எத்தனை முறை பேரம் பேசப் பயன்பட்டிருக்கிறது என்பதைத் தலித் மக்களுக்காக வாதாடும் எந்த வக்கீலிடமும் கேட்டுப் பாருங்கள். “என் கையில் இல்லை” என்று பாதிக்கப்பட்டவர் சொல்ல முடிவதே ஒரு பாதுகாப்பு.

நீதிமன்றமே இதில் தடுமாறியதுண்டு. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பெண்ணை அவர் சிறுமியாக இருந்தபோது பாலியல் வன்கொடுமை செய்ததற்காகக் கடலூர் மகளிர் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவருக்கு, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசுவதற்காக இடைக்கால ஜாமீன் கொடுத்தது. தனியாகக் குழந்தையை வளர்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் சமரசம் வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜூலை 1 அன்று, மத்தியப் பிரதேச வழக்கொன்றில், பாலியல் வன்கொடுமையில் சமரசம் என்ற பேச்சுக்கே இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில நாட்களில் சென்னை உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. நம் ஈரோட்டுக்காரரான பி.சதாசிவம் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது, இந்தக் குற்றத்தில் சமரசத்தைக் காட்டித் தண்டனையைக்கூடக் குறைக்கக் கூடாது என்று 2013-லேயே தீர்ப்பு வந்திருந்தது. அப்படியும் ராஜஸ்தானில், மாணவியிடம் ஆசிரியர் அத்துமீறியதாகத் தொடரப்பட்ட போக்சோ வழக்கை, தந்தையோடு சமரசமாகிவிட்டது என்று சொல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை மீட்டுக் கொடுத்தது. அதற்காக மேல்முறையீட்டுக்குப் போனது அரசு அல்ல. வழக்குக்கு வெளியே இருந்தவர்கள்.

அரசுக்கு வழக்கைக் கைவிடும் உரிமை தாராளமாகவே உண்டு. அரசு வழக்கறிஞர் நீதிமன்ற ஒப்புதலோடு வாபஸ் பெறலாம். 2021 பிப்ரவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்ட வழக்குகளையும் ஊரடங்கு மீறல் வழக்குகளையும் வாபஸ் பெறுவதாகத் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். அவற்றில் எனக்குக் குறை இல்லை. ஆனால், அடிபட்டவர் ஒருவர் இருக்கும் வழக்கை அவரைக் கேட்காமலேயே அரசு கைகழுவ முடிந்தது பெரிய அநியாயம். புதிய நடைமுறைச் சட்டத்தின் 360-வது பிரிவு, பாதிக்கப்பட்டவர் தன் கருத்தைச் சொல்ல வாய்ப்பளிக்காமல் வாபஸை அனுமதிக்கக் கூடாது என்கிறது. புதிய சட்டங்களில் நான் மனமார வரவேற்கும் ஒரு வரி இது.

சட்டப்படி வாபஸ் வாங்க முடியாதபோது சட்டத்துக்கு வெளியே வாங்க வைக்கிறார்கள். எஃப்ஐஆருக்கு முன்பே, புகாரைப் பெற்றதற்கான சிஎஸ்ஆர் ரசீதோடு ஸ்டேஷனில் உட்கார வைத்து, “மேல் நடவடிக்கை வேண்டாம்னு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க” என்பது ஒரு வழி. இன்னொன்று, கூண்டில் ஏறி “எனக்கு எதுவும் தெரியாது” என்று சொல்ல வைப்பது. பிறழ் சாட்சி என்று எழுதிவிட்டு நீதிமன்றம் அடுத்த வழக்குக்குப் போய்விடும். மாஜிஸ்திரேட் முன்னால் ரகசிய வாக்குமூலம் கொடுத்தவர்கள்கூடப் பின்வாங்குகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. வழக்கு தன்னுடையது என்று எடுத்துக்கொண்ட அரசு, சாட்சியை மட்டும் அதே தெருவில், அதே எதிர்வீட்டுக்காரரோடு விட்டுவிடுகிறது.

அதனால் வாபஸ் பற்றி என்னிடம் கேட்கிறவர்களிடம், யார் வாங்கச் சொல்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். மிரட்டல் என்று தெரிந்தால், உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்ற சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைச் சொல்கிறேன். மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில் ஒரு குழு உண்டு. கொடுங்குற்ற வழக்குகளின் சாட்சிகளும் பாலியல் சீண்டல் வழக்குகளின் சாட்சிகளும் மனுப் போடலாம். டிஎஸ்பி 5 வேலை நாட்களுக்குள் மிரட்டல் பற்றி அறிக்கை தர வேண்டும். வீட்டுக்குக் காவல், தற்காலிக இடமாற்றம், எதிராளியை நேருக்கு நேர் பார்க்காமல் சாட்சி சொல்வது எல்லாம் அதில் கேட்டு வாங்கலாம். மனுவை வெள்ளைத்தாளில் எழுதி, மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு போங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் அங்கே வக்கீல் இலவசம்.