வரைபடம் அழகாக இருந்தால் மட்டும் போதுமா?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது நட்பு, தன்னம்பிக்கை, இளைஞர் சக்தி என்று எதையாவது எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையெல்லாம் என்னைவிட நன்றாக எழுத நம் கல்லூரியில் பலர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது ஒரு சின்ன விஷயம். புராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாம் எல்லோரும் ஒட்டுகிறோமே, அந்த வரைபடத்தைப் பற்றி. "கிராஃபைப் பத்தி எழுத என்னடா இருக்கு?" என்று பக்கத்து பெஞ்ச் நண்பன் சிரித்தான். இருக்கிறது. படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

என் அப்பா கொத்தனார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். இங்கே சேரும்வரை நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததில்லை. செல்போன் வேறு, இது வேறு. நாங்களே எடுத்த ரீடிங்கை சைலேப்பில் அடித்து, என்டரைத் தட்டி, திரையில் கோடு எழும்பியதைப் பார்த்த அன்று ராக்கெட் விட்ட மாதிரி இருந்தது. கிராஃப் ஷீட்டில் அரை மணி நேரம் பென்சிலைச் சீவிச் சீவி வரைந்ததை அது ஒரு நொடியில் வரைந்துவிட்டது.

அந்த மகிழ்ச்சியில்தான் தப்பும் செய்தேன்.

எங்கள் பேட்சில் நான்கு பேர். ஒரு குதிரைசக்தி பழைய மோட்டார் பம்பைப் பிரித்து, பேரிங்கும் பேக்கிங்கும் மாற்றி, அதன் செயல்திறன் எவ்வளவு என்று பார்ப்பதுதான் எங்கள் புராஜெக்ட். ஹைட்ராலிக்ஸ் லேபில் டெலிவரி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து ஆறு ரீடிங் எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் பிரஷர் கேஜ், வேக்குவம் கேஜ், எனர்ஜி மீட்டர் மூன்றையும் குறித்துக்கொண்டோம். கலெக்டிங் டேங்க்கில் தண்ணீர் 10 செ.மீ. ஏற எத்தனை வினாடி ஆகிறது என்று ஸ்டாப் வாட்சில் பார்த்தோம்.

வரைந்து பார்த்தால், ஐந்து புள்ளிகள் பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஏறி இறங்கின. நான்காவது புள்ளி மட்டும் கீழே தனியாகக் கிடந்தது. 40 சதவீதத்துக்கு மேல் வர வேண்டிய இடத்தில் 27! மறுநாள் ரிவியூ. திரும்ப டெஸ்ட் பண்ண லேப் கிடைக்காது.

"விடுங்கடா, நான் பாத்துக்கறேன்" என்று நான்தான் சொன்னேன். திரையை பிரிண்ட் ஸ்க்ரீன் எடுத்தேன். பெயிண்ட்டில் திறந்தேன். அழிப்பானை எடுத்து அந்தப் புள்ளியை அழித்தேன். வளைகோட்டை நானே இழுத்துச் சேர்த்தேன். ஜேபெக்காகச் சேமித்து நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் அதை வேர்டில் ஒட்டி, பக்கம் நிறைய இழுத்துப் பெரிதாக்கி, பஸ் ஸ்டாப் கடையில் பிரிண்ட் எடுத்து வந்தான். சைலேப்பில் எதையும் சேமிக்காமலே மூடிவிட்டேன்.

ரிவியூவில் எங்கள் வழிகாட்டி ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி, தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இது 30ஆ, 80ஆ?" எனக்கே தெரியவில்லை. அச்சில் இருந்த எண்களெல்லாம் ஈரத் துணியில் பட்ட மை மாதிரி கலங்கியிருந்தன. "சரி, தெளிவா ஒண்ணு எடுத்துக் காட்டுப்பா" என்றார். எங்கே எடுப்பது? பெயிண்ட் படத்தைத் தவிர என்னிடம் எதுவும் இல்லை. அப்புறம் அவர் விரலை வைத்து எண்ணினார். டேபிளில் ஆறு ரீடிங், கிராஃபில் ஐந்து புள்ளி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் கதைதான் என் கதை.

திட்டுவார் என்று தலையைக் குனிந்து நின்றேன். அவர் திட்டவில்லை. டேபிளில் நான்காவது வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரஷர் சரியா இருக்கு. மீட்டர் சரியா இருக்கு. நேரம் மட்டும் கூட ஆயிருக்கு. அப்ப தண்ணி எங்கப்பா போச்சு?" என்றார். எங்கள் நால்வரையும் லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டேங்க்கை நிரப்பி, டிரெயின் வால்வை மூடி, கண்ணாடிக் குழாயைப் பார்க்கச் சொன்னார். மட்டம் மெல்ல மெல்ல இறங்கியது. வால்வைத் திறந்து மறுபடி மூடினால் நின்றது. இன்னொரு தடவை மூடினால் மறுபடி இறங்கியது. வால்வைக் கழற்றிப் பார்த்தபோது குழாய் இணைப்புக்குச் சுற்றுகிற வெள்ளை டேப்பின் துண்டு ஒன்று உள்ளே சிக்கியிருந்தது. சில தடவை முழுசாக மூடும், சில தடவை மூடாது.

ஆக, பம்பு மேல் தப்பில்லை. ரீடிங் எடுத்த நாங்களும் தப்பாக எடுக்கவில்லை. டேங்க் கசிகிறது என்று அந்த ஒற்றைப் புள்ளிதான் எங்களிடம் சொன்னது. நான் அதன் வாயைப் பொத்திவிட்டேன். எங்களுக்கு முந்தைய பேட்ச் ரெக்கார்டுகளைப் பிறகு புரட்டிப் பார்த்தேன். ஒருவருடைய கிராஃபிலும் அப்படி ஒரு புள்ளி இல்லை. எல்லாம் வழவழவென்ற வளைகோடு. அவர்களுக்கெல்லாம் வால்வு நன்றாகவே மூடியதா, அல்லது அவர்களும் என்னைப் போலத்தானா? அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ரீடிங்கைச் "சமைப்பது" பென்சில் காலத்திலிருந்தே நடப்பதுதான். கம்ப்யூட்டர் வந்ததும் சமையல் சுத்தமாகிவிட்டது, அவ்வளவே.

முதலில் கைவேலையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல்தான் நம்மில் முக்கால்வாசிப் பேர் கலங்கிய படத்தை ஒட்டுகிறோம்.

கம்ப்யூட்டர் படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கும். ஒன்று, கோலத்துக்குப் புள்ளி வைத்த மாதிரி, கட்டம் கட்டமாக நிறத்தை வைத்துச் சேமிப்பது. ஜேபெக், பி.என்.ஜி. இரண்டும் இந்த வகை. இன்னொன்று, "இங்கிருந்து இதுவரை இத்தனை தடிமனில் ஒரு கோடு" என்று வரைகிற முறையையே எழுதிவைப்பது. பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி., இ.பி.எஸ். ஆகியவற்றில் கோட்டுப் படத்தை இப்படி வைக்கலாம். இதை வெக்டர் என்கிறார்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு கோடாகவே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்கு. ரிப்போர்ட்டில் படத்துக்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 6 அங்குலம். அச்சு தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும் என்பது வழக்கம். அப்படியென்றால் 1,800 புள்ளி. திரையில் நம் கிராஃப் சன்னல் 600 புள்ளி அகலம் இருந்தால், பிரிண்ட் ஸ்க்ரீனில் கிடைப்பது தேவையில் மூன்றில் ஒரு பங்குதான். போதாக்குறைக்கு ஜேபெக் என்பது புகைப்படத்துக்காக உருவானது. படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து நுணுக்கமான பகுதியைக் குறைத்துச் சுருக்கும். முகத்தில் அது தெரியாது. கறுப்புக் கோட்டின் ஓரத்திலும் எண்ணின் ஓரத்திலும் அழுக்காகத் தெரியும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் இன்னொரு சுருக்கு!

சைலேப் பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் உருவானது. 1994 முதல் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் கிராஃப் சன்னலில் ஃபைல் மெனுவுக்குப் போனால் எக்ஸ்போர்ட் இருக்கிறது. பி.டி.எஃப்., எஸ்.வி.ஜி. என்று கேட்டால் தரும். கட்டளையாகவே எழுதவும் முடியும். ஆக்டேவிலும் பிரிண்ட் கட்டளையில் இதே வசதி உண்டு. லிப்ரே ஆஃபீஸ் எஸ்.வி.ஜி. படத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளும். லட்சக்கணக்கில் புள்ளிகள் இருந்தால் மட்டும் வெக்டர் கோப்பு கனமாகிவிடும். அப்போது பி.என்.ஜி.யை 300 புள்ளி கணக்கில் எடுக்கலாம். நம் ஆறு புள்ளிக்கு அந்தக் கவலை இல்லை.

இன்னொன்று, நிறம். திரையில் சிவப்பும் நீலமும் பச்சையும் கண்ணைப் பறிக்கும். ஜெராக்ஸ் கடையில் மூன்றும் ஒரே சாம்பல். ஒரு கோட்டை முழுக் கோடாகவும், அடுத்ததை விட்டு விட்டும் போடுங்கள். புள்ளிக்கு வட்டம், சதுரம், முக்கோணம் என்று மாற்றுங்கள். கலர் பிரிண்ட் காசும் மிச்சம்.

அடுத்தது எடிட்டிங். இங்கேதான் என் கருத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

கோட்டின் தடிமன், எழுத்தின் அளவு, அச்சின் பெயர், அலகு ஆகியவற்றை மாற்றுவது தப்பே இல்லை. மாற்றியே ஆக வேண்டும். சைலேப்பில் எடிட் மெனுவிலேயே மாற்றலாம். ஆனால் மவுஸால் மாற்றியது அந்தப் படத்தோடு போய்விடும். நாளைக்கு ஒரு ரீடிங் மாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதே மாற்றத்தைக் கட்டளைக் கோப்பில் நான்கு வரியாக எழுதிவைத்தால், எண்ணை மாற்றி ஓட்டினால் போதும், அதே அலங்காரத்தோடு புதுப் படம் வரும். சார் "தெளிவா ஒண்ணு எடுத்துக் காட்டு" என்றபோது என்னிடம் அந்தக் கோப்பு இருந்திருந்தால் ஒரு நிமிட வேலை.

எஸ்.வி.ஜி. படத்தை இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் திறந்து ஒட்டவும் வெட்டவும் முடியும். அம்புக்குறி போடலாம், பெயரை நகர்த்தலாம். நல்ல வசதிதான். ஆனால் நண்பர்களே, அதே மவுஸால் ஒரு புள்ளியையும் பிடித்து நகர்த்தலாம்! பெயிண்ட்டில் அழித்தால் தடயமாவது தெரியும். இதில் அதுவும் தெரியாது. மென்பொருளுக்கு அது பெயர்ப் பலகையா, நம் ரீடிங்கா என்று தெரியாது. நமக்குத் தெரியும். தெரிய வேண்டும்.

என் அப்பா கட்டுகிறபோது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துத்தான் அடுத்த வரி செங்கல் வைப்பார். ஒரு தடவை சித்தாள் வேலைக்கு அவரோடு போயிருந்தேன். சுவர் கொஞ்சம் சாய்ந்திருந்தது. "பூச்சுல சரி பண்ணிக்கலாம்ல?" என்று கேட்டேன். "பூச்சு சுவத்தை அழகாக்கத்தாம்பா, நிமித்துறதுக்கு இல்ல" என்று சொல்லி இரண்டு வரியைப் பிரித்துவிட்டார். எடிட்டிங் என்பது பூச்சு வேலை. ரீடிங்தான் சுவர்.

ஒரு புள்ளியில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சாலஞ்சர் விண்ணோடம் கிளம்பிய 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் குளிரில் சரியாக அடைக்காததுதான் காரணம். முதல் நாள் இரவே குளிரைப் பற்றிப் பொறியாளர்கள் எச்சரித்தார்கள். எடுபடவில்லை. பிறகு விசாரணை ஆணையம் தன் அறிக்கையில் இரண்டு வரைபடங்களைக் காட்டியது. முதலாவதில் வளையம் சேதமான பயணங்கள் மட்டும். அதைப் பார்த்தால் குளிருக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே தெரியாது. இரண்டாவதில் சேதமாகாத பயணங்களும் சேர்ந்திருந்தன. 66 டிகிரி பாரன்ஹீட்டும் அதற்கு மேலுமாக நடந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். 63 டிகிரியும் அதற்குக் கீழுமாக நடந்த நான்கு பயணங்களிலும், நான்கிலும் சேதம்! "இதில் செய்தி இல்லை" என்று விட்டுவிடத் தோன்றும் புள்ளிகளில்தான் செய்தி இருந்தது.

நாம் ராக்கெட் விடப்போவதில்லை. ஆனால் நாளைக்கே ஒரு பம்பு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் நிற்கப்போவது நாம்தான். நாம் வரைந்த கோட்டை நம்பி ஒரு விவசாயி தன் கிணற்று ஆழத்துக்குப் பம்பு வாங்குவார். தண்ணீர் ஏறாவிட்டால் அவர் யாரைக் கேட்பார்?

"எக்ஸ்டர்னல் அழகைத்தானே பார்க்கிறார், மார்க்குத்தானே முக்கியம்?" என்பார்கள். எனக்கும் மார்க் முக்கியம்தான். என் வீட்டில் எல்லோரையும்விட எனக்கு முக்கியம். ஆனால் அழகுக்கும் உண்மைக்கும் சண்டையில்லை. எக்ஸ்போர்ட்டை ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், அழிக்காமலே அழகாக வரும். "எங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?" என்ற கேள்வி நியாயமானது. பாம்பே ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலேயே இலவசமாக இருக்கின்றன. அதைப் போட்டுக் காட்ட லேபில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும்.

நம் மாணவர் பேரவை மூலமாக மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, புராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு வரைபடத்துக்கும் அதன் டேபிளும் கட்டளைக் கோப்பும் பின்னிணைப்பாக இருக்க வேண்டும். இரண்டு, டேபிளில் எத்தனை ரீடிங்கோ கிராஃபில் அத்தனை புள்ளி. தப்பான ரீடிங் என்று தெரிந்தால் வேறு குறியில் போட்டு, காரணத்தைக் கீழே ஒரு வரி எழுதட்டும். மூன்றாவது ஆசிரியர்களுக்கு: கோணலான புள்ளியோடு வருகிற மாணவனுக்கு மார்க்கைக் குறைக்காதீர்கள் ஐயா. "இது ஏன் இப்படி?" என்று கேளுங்கள். எங்கள் சார் கேட்டதால்தான் வால்வு சரியானது.

எங்கள் கடைசி ரிப்போர்ட்டில் இப்போது ஏழு புள்ளி இருக்கிறது. ஆறு பழையது, ஒன்று வால்வைச் சரிசெய்த பிறகு எடுத்தது. நான்காவதுக்குப் பெருக்கல் குறி போட்டு "டிரெயின் வால்வு கசிவு" என்று எழுதியிருக்கிறோம். பைண்டிங் செய்ததை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்பா ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினார். கிராஃபில் நின்று, "இது மட்டும் ஏம்பா தனியாக் கிடக்கு?" என்று விரலை வைத்துக் கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன், நான் அழித்ததையும் சேர்த்து. கேட்டுவிட்டு, "இப்ப இருக்குல்ல, அது போதும்" என்றார்.

நண்பர்களே! தெளிவாக எடுப்போம், அழகாக வரைவோம். ஆனால் உள்ளதையே வரைவோம்!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)