பதிவேடு பழையதானால் மாணவன் பொய்யாவானா?



"ஐயா, நான் எழுதியது சரிதானே? பிறகு ஏன் கணினி தவறு என்கிறது?"

பள்ளி முடிந்தபின் எங்கள் கணினி அறையில் நடைபெறும் நிரலாக்க வகுப்பில், ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி அண்மையில் என்னிடம் கேட்ட கேள்வி இது. அதற்கு விடை தேடியதன் விளைவே இப்பதிவு.

தேர்வுப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காணும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் அவள் எழுதியிருந்தாள். 2008-இல் பைத்தானின் மூன்றாம் பதிப்பு வெளிவந்தது முதல், நிரலில் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே இடலாம். ஆகவே, தன் செயற்கூறுகளுக்குக் 'கூட்டு' என்றும் 'சராசரி' என்றும் அழகாகப் பெயரிட்டிருந்தாள். அவற்றைத் தனியொரு கோப்புக்கு மாற்றுமாறு செயற்கை நுண்ணறிவு முகவர் ஒன்றிடம் நான் கூறினேன். முகவர் என்பது கேட்ட கேள்விக்கு விடை சொல்வதோடு நில்லாமல், கோப்புகளைத் திறந்து தானே திருத்தும் மென்பொருள்.

முகவர் சரியாகவே மாற்றியது. ஆயினும், 'கூட்டு' என்னும் சொல்லின் கீழ் சிவப்புக் கோடு ஒன்று தோன்றியது. அப்படியொரு பெயரே இல்லையாம்! முகவர் அக்கோட்டை அப்படியே நம்பியது. இருந்த செயற்கூற்றையே பழைய கோப்பில் மீண்டும் ஒருமுறை எழுதி வைத்தது. சிவப்புக் கோடு மறைந்தது. ஆனால், ஒரே வேலைக்கு இரண்டு படிகள் வந்துவிட்டன. நாளை மாணவி ஒன்றைத் திருத்துவாள். மற்றொன்று பழையபடியே கிடக்கும். இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்து, புதியதொரு நோயை உண்டாக்கிய கதைதான்!

முகவர் செய்த சேர்க்கையை நீக்கினேன். சிவப்புக் கோடு திரும்ப வந்தது. அப்போதுதான் மாணவி அந்தக் கேள்வியைக் கேட்டாள். நிரலை இயக்கிப் பார்த்தோம். சரியான விடை வந்தது. நிரலில் பிழையில்லை, பிழை காட்டியவரிடம்தான் பிழை!

பிழை காட்டியவர் யார்? அவருக்கு 'மொழி வழங்கி' என்று பெயர். நாம் நிரல் எழுதும் திருத்திக்குப் பின்னால் தனியே இயங்கும் துணை மென்பொருள் அது. திருத்தியும் மொழி வழங்கியும் தம்முள் பேசிக்கொள்வதற்கான பொது நெறிமுறையை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2016-இல் வெளியிட்டது. மொழி வழங்கி கோப்புகளைப் படித்து, எந்தப் பெயர் எங்கே உள்ளது என்று தன் நினைவில் குறித்துக்கொள்ளும். அக்குறிப்பைக் கொண்டே சிவப்புக் கோடு இடும். முகவர் திருத்தியின் வழியாக அல்லாமல் நேரே வட்டில் எழுதும்போது, அச்செய்தி சில வேளைகளில் மொழி வழங்கிக்கு எட்டுவதில்லை. அது பழைய குறிப்பையே வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்கிறது.

ஆசிரியர்களுக்கு இது புதிதன்று. வேறு பள்ளியிலிருந்து மாறி வந்த மாணவன் வகுப்பில் நம் கண்முன்னே அமர்ந்திருக்கிறான்; பதிவேட்டில் அவன் பெயர் ஏறவில்லை. 'பெயர் இல்லை, ஆகவே நீ இல்லை' என்று அவனை வெளியே அனுப்புவோமா? பதிவேட்டையல்லவா புதுப்பிப்போம்!

மொழி வழங்கியை மறுதொடக்கம் செய்வது அத்தகைய புதுப்பித்தல்தான். அதனால் நிரலில் ஓர் எழுத்தும் அழியாது. கோப்புகள் முதலிலிருந்து மீண்டும் படிக்கப்படும், அவ்வளவே. விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற திருத்திகளில் இதற்கெனக் கட்டளை உண்டு. அன்று நான் அதைத்தான் செய்தேன். கோடு மறைந்தது, மாணவியின் முகம் மலர்ந்தது.

இந்தக் கட்டளையை முகவரின் கையிலும் கொடுக்கலாமா? கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் கருத்து. முகவர்களுக்குத் துணைக்கருவிகள் வழங்கும் செரினா என்னும் திறந்தமூல மென்பொருளில் மொழி வழங்கியை மறுதொடக்கம் செய்வதற்கென்றே ஒரு கருவி அமைத்திருக்கிறார்கள். திருத்தும் உரிமையைக் கொடுத்துவிட்டு, சரிபார்ப்பவரைச் சரிபார்க்கும் வழியைக் கொடுக்காமல் விடுவது என்ன நியாயம்?

"இப்படிச் செய்தால் உண்மையான பிழைகளும் மறைந்துவிடாவா?" என்று சிலர் கேட்கலாம். மறையா. உண்மைப் பிழையானால், மறுதொடக்கத்திற்குப் பின்னும் அதே இடத்தில் கோடு வந்து நிற்கும். அதுவே நமக்குச் சோதனை. ஆனால், எல்லை வேண்டும். ஒருமுறை மறுதொடக்கம் செய்யட்டும். பிறகும் கோடு நின்றால் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தட்டும். கோடு மறையும்வரை மீண்டும் மீண்டும் அதையே செய்வது சோம்பல். பெரிய திட்டங்களில் எல்லாக் கோப்புகளையும் மறுபடி படிக்க நேரமும் பிடிக்கும். தான் செய்ததை முகவர் மாணவருக்குச் சொல்லவும் வேண்டும். சொல்லாமல் செய்தால், பிள்ளை எதையும் கற்றுக்கொள்ளாது.

பெற்றோர்களுக்கு ஒரு சொல். நம் ஜொகூரில் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் சென்று, இரவில் வீடு திரும்பும் பெற்றோர் எத்தனையோ பேர். அவ்வேளையில் பிள்ளை திரையின்முன் தனியே இருக்கிறது. சிவப்புக் கோட்டைக் கண்டதும் 'நான்தான் தவறு' என்று தான் எழுதிய சரியானதை அழித்துவிடும் பிள்ளைக்கு அருகில் யார் இருக்கிறார்கள்? நிரலாக்கம் தெரியாத பெற்றோரும் ஒன்று கேட்கலாம்: "இயக்கிப் பார்த்தாயா? என்ன விடை வந்தது?" இவ்வளவு போதும்.

ஆசிரியர்களாகிய நம் கையிலும் சிவப்பு மைப் பேனா இருக்கிறது. பழைய விடைப்பட்டியை வைத்துக்கொண்டு, மாணவனின் சரியான விடையை நானும் அடித்திருக்கிறேன். அவன் எழுந்து நின்று கேட்டதால்தான் எனக்குத் தெரியவந்தது. கேட்காமல் அமர்ந்துவிட்டவர்கள் எத்தனை பேரோ!

"நான் எழுதியது சரிதானே?" என்று கேட்கும் துணிவு அந்த மாணவியிடம் இருந்தது. அத்துணிவை அவளிடம் காப்பது முகவரின் வேலையன்று, நம்முடைய வேலை.

சிந்திப்போம்!